நிலைப்படியில் நிற்கும் காட்டேரி: காத்திக் கதை எழுதும் முறை

பழைய வீடும் அச்சமும் சேர்ந்த காத்திக் கதையில் பேய் வீட்டையும் இரத்தக் காட்டேரியையும் ஒன்றாக வைப்பதானால் முதலில் வீட்டின் தரைப்படத்தை வரையுங்கள். எத்தனை கதவு, எது உள்பக்கம் திறக்கும், மாடிக்கு எத்தனை படி என்று எல்லாவற்றையும் எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் 13 படி ஏறியவள் ஓர் இரவு 14 படி ஏறினால் வாசகருக்குச் சில்லிடும். முன்பே எண்ணிக் காட்டாவிட்டால் அந்த ஒரு படிக்கு மதிப்பே இல்லை. மார்க் டேனியலெவ்ஸ்கியின் 'ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்' (2000) நாவலில் வீட்டின் உள்ளளவு வெளியளவைவிடக் கால் அங்குலம் கூடிவிடுகிறது. பின்னால் வரும் இருட்டுத் தாழ்வாரங்களை நம்பவைப்பது அந்தக் கால் அங்குலம்தான்.

அடுத்து காட்டேரிக்கான விதிகள். எது தடுக்கும், எது கொல்லும் என்று முடிவுசெய்து கடைசிவரை மீறாமலிருங்கள். பழைய விதி என்று நாம் நம்புவதெல்லாம் பழையதல்ல. 'டிராகுலா' (1897) நாவலில் காட்டேரியான டிராகுலா பிரபு பகலிலேயே லண்டன் தெருவில் நிற்கிறார். அப்போது அவருடைய சக்திகள்தான் ஓய்ந்திருக்கும். வெயில் பட்டு மடிவது 1922இல் வந்த 'நொஸ்ஃபெராட்டு' படத்தின் முடிவு. ஆகவே வெயில் விதியைத் தாராளமாக விட்டுவிடலாம்.

அழைக்காமல் நுழைய முடியாது என்ற விதியை மட்டும் விடாதீர்கள். வீடும் காட்டேரியும் மோதிக்கொள்ளும் இடம் நிலைப்படிதான். டிராகுலாவை வீட்டிலுள்ள ஒருவர் ஒருமுறை அழைத்தால் போதும், பிறகு அவர் இஷ்டப்படி வந்துபோகலாம். ஸ்டாக்ஹோம் புறநகர்க் குடியிருப்பில் நடக்கும் 'லெட் த ரைட் ஒன் இன்' (2004) கதையிலோ அழைப்பின்றி உள்ளே வரும் காட்டேரி ஏலியின் உடம்பிலிருந்து இரத்தம் கசிகிறது. பாழடைந்த கோட்டை தேவைப்படவில்லை பாருங்கள். மீறினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் காட்டியதே அந்தக் காட்சியின் பலம்.

அழைப்பவர் ஏமாந்து அழைத்தால் கதை சப்பென்று போய்விடும். தனிமையோ நோயோ துரத்த, தெரிந்தே கதவைத் திறக்கட்டும்.

அதிகம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: "இவர்கள் ஏன் வீட்டைக் காலி செய்யவில்லை?" முதல் கால்பகுதிக்குள் பதில் வந்துவிட வேண்டும். வீட்டுக்கடன், படுத்த படுக்கையான தாய், உயிலில் உள்ள நிபந்தனை, எதுவும் பொருந்தும். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது என்பது மிக பலவீனமான பதில்.

முதல் இரவிலேயே விளக்கு அணைந்து, கண்ணாடி உடைந்து, குழந்தை அழுதால் மூன்றாம் இரவுக்கு எதுவும் மிஞ்சாது. 5,000 சொல் கதைக்கு வீட்டில் நான்கு மாற்றங்கள் போதும். ஒவ்வொன்றும் நிலைப்படிக்கு ஓர் அறை நெருங்கி நடக்கட்டும். எழுதி முடித்ததும் தரைப்படத்தைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு காட்சியிலும் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே படியுங்கள்.