பழைய கதவு மரத்தில் பாத்ரூம் ஸ்டூல்

சென்னையில் பழைய வீடு இடிபடும்போது கதவு, நிலை, ஜன்னல் சட்டம் எல்லாம் பழைய மரக்கடைக்குப் போகும், இல்லையென்றால் அடுப்புக்குப் போகும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பர்மா தேக்கு போட்டிருப்பார்கள், அதை எரிப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய் இருப்பதால் ஈரத்தையும் கரையானையும் தாங்கும், பாத்ரூமுக்கு அதைவிட நல்ல மரம் கிடைப்பது கஷ்டம். வீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல் செய்து பாருங்கள்.

ஆனால் வெளிநாட்டு வீடியோக்களில் வரும் டிசைனை அப்படியே எடுக்காதீர்கள். அங்கே குளிக்கிற இடம் மட்டும்தான் நனையும், நம் வீட்டில் தரை முழுக்கத் தண்ணீர். அதனால் தண்ணீர் எங்கேயும் தங்காமல் வடிய வேண்டும், தரையைத் தொடும் முனை தண்ணீரை உறிஞ்சக் கூடாது. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

மரம் வாங்கும்போது நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழுந்தாலோ மாவு மாதிரி உதிர்ந்தாலோ வேண்டாம். வைரம் பாய்ந்த கருத்த பகுதிதான் வேண்டும், ஓரத்து வெளிறிய பகுதியை அறுத்துத் தள்ளுங்கள். பார்ட்டிக்கிள் போர்டு, எம்.டி.எஃப். துண்டுகள் சும்மா கிடைத்தாலும் தொடாதீர்கள், ஊறினால் உப்பிவிடும். தொழிற்சாலைகளில் கழித்துப் போடும் பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பெரும்பாலும் பைன் மரம், சுவர் ஷெல்ஃபுக்குப் போதும், அதில் 'எச்.டி.' (HT) முத்திரை இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, 'எம்.பி.' (MB) என்றால் மீதைல் புரோமைடு என்ற பூச்சி கொல்லும் விஷ வாயு அடித்தது, அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

பழைய கதவின் பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் மூச்சில் போகும். நனைத்துச் சுரண்டுங்கள், நல்ல மாஸ்க் போடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடவே விடாதீர்கள். பிறகு காந்தம் வைத்துத் தடவி ஆணிகளைப் பிடுங்குங்கள், ஒன்று உள்ளே நின்றாலும் ரம்பம் போச்சு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை ஆரம்பிக்க வேண்டாம், மரம் காயாது.

உயரம் 17 இன்ச், மேல்பக்கம் 14க்கு 12 இன்ச் இருந்தால் வசதி. கால்கள் 2 இன்ச் சதுரம். மேலே ஒரே பலகை போடாமல் ஒன்றரை இன்ச் அகல ரீப்பர்களை 8 மி.மீ. இடைவெளிவிட்டு அடுக்கி, அடியிலிருந்து ஸ்க்ரூ போடுங்கள். மேலிருந்து போட்டால் அந்த ஓட்டையிலேயே தண்ணீர் நிற்கும். இரும்பு ஸ்க்ரூ கூடாது. திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் நல்லது, மற்ற இடத்துக்கு 304 போதும். தேக்கில் பசை சரியாகப் பிடிக்காது, ஒட்டுகிற இடத்தைத் தின்னரால் துடைத்துவிட்டு உடனே தண்ணீர் தாங்கும் பசையைப் போடுங்கள். பெரியவர்கள் உட்காரப் போவதால் கால் இணைப்பை மட்டும் ஒரு நல்ல ஆசாரியிடம் கொடுத்துத் துளைபோட்டு இறக்கித் தரச் சொல்லுங்கள், இதில் காசு பார்க்க வேண்டாம்.

இப்போது முக்கியமான வேலை. மரம் தண்ணீரைக் குடிப்பது பெரும்பாலும் அறுத்த முனை வழியாகத்தான், ஏனென்றால் மரத்தின் நுண்குழாய்கள் அங்கேதான் திறந்திருக்கின்றன. ரப்பர் புஷ் மாட்ட ஸ்க்ரூ துளையை முதலிலேயே போட்டுவிட்டு, ஸ்டூலைக் கவிழ்த்து நான்கு கால் முனையிலும், துளைக்குள்ளும், எபாக்ஸி பசை தடவுங்கள். உறிஞ்சிவிட்டால் மறுபடி தடவுங்கள், மேலே பளபளப்பாக நிற்கும்வரை விடாதீர்கள். ரீப்பர் முனைகளுக்கும் இதேதான். அப்புறம் மொத்தத்துக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) கிளியர் வார்னிஷ் மூன்று கோட்டிங், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு லேசாக உப்புத்தாள் போட்டு அடுத்தது. கடைசியில் ரப்பர் புஷ் மாட்டுங்கள், ஈரத் தரையில் வழுக்காமல் இருக்க அது கட்டாயம்.

மேலே தெளித்த தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவ ஆரம்பித்தால், ஸ்டூலை நன்றாகக் காயவைத்து இன்னொரு கோட்டிங் கொடுங்கள்.