ஊருக்குப் போன இடத்தில் சலக்கடுப்பு வந்தால்

ஓகஸ்ட் லீவில் யாழ்ப்பாணம் போகிறவர்கள் வயிற்றோட்டத்துக்கு மருந்து கட்டிக்கொண்டு போவார்கள், சலக்கடுப்பை, அதாவது சிறுநீர்த் தொற்றைப் பற்றி யோசிப்பதே இல்லை. ஆனால் அது வருவதற்கான எல்லா வழியும் அங்கே இருக்கிறது. நல்லூர்த் திருவிழா வெயிலில் வியர்த்துக் கொட்டும், தண்ணீர் குடிப்பதும் குறைவு, கொழும்பிலிருந்து இரவு பஸ் ஏறினால் வழியில் உள்ள கழிவறைக்குப் பயந்து விடியும்வரை அடக்கிக்கொண்டே இருப்பது வேறு. பெண்களுக்குச் சலம் போகும் குழாய் நீளம் குறைவு, அதனால் குடலில் இருக்கிற ஈ கோலை கிருமி சுலபமாகச் சலப்பைக்குப் போய்விடும்.

சலம் போகும்போது எரிவு, அடிக்கடி முட்டுவது, போனால் சொட்டுச் சொட்டாக வருவது, அடிவயிற்றில் நோ, சிலருக்கு இரத்தம். "உடம்புச் சூடு பிள்ளை, இளநீர் குடி" என்று பெரியம்மா சொல்லுவா. குடியுங்கள், ஆனால் ஓரிரண்டு நாளில் குறையாவிட்டால் டொக்டரிடம் போங்கள். கர்ப்பிணிகள், நீரிழிவு உள்ளவர்கள், ஆண்கள், சின்னப் பிள்ளைகள் என்றால் அந்த ஓரிரண்டு நாளும் பார்க்க வேண்டாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்: பாமசியில் நேரே போய் அன்ரிபயோட்டிக் வாங்கி விழுங்காதீர்கள். டொக்டரின் சிட்டை இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்துதான், ஆனாலும் சில இடங்களில் கேட்டால் கிடைக்கும், பெரும்பாலும் சிப்ரோஃப்ளொக்சசின். தெற்காசியாவில் ஈ கோலை கிருமிகளில் நிறைய அதற்கு மசிவதில்லை. இரண்டு குளிசை போட்டதும் எரிவு கொஞ்சம் குறையும், கிருமி முழுதாகச் சாகாது, அதுக்குப் பிறகு கல்ச்சர் (சலத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) கொடுத்தாலும் கிருமி சரியாக வளராமல் போய் டொக்டருக்கு ஒன்றும் பிடிபடாமல் போகலாம்.

ஆகவே முதல் குளிசைக்கு முன்னால் சலம் கொடுங்கள். யூரின் ஃபுல் ரிப்போட், அதோடு கல்ச்சரும் ஏபிஎஸ்டியும் (எந்த அன்ரிபயோட்டிக் வேலை செய்யும் என்று பார்ப்பது) என்று கேளுங்கள். முதலாவது அன்றைக்கே வந்துவிடும், சலத்தில் சீழ்க் கலங்களும் இரத்தமும் இருக்கிறதா என்று காட்டும். கல்ச்சருக்கு இரண்டு மூன்று நாள் எடுக்கும், எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை அதுதான் சொல்லும். போத்தலை லாபிலேயே வாங்குங்கள், வீட்டு ஜாம் போத்தல் வேண்டாம். சலம் போகும் இடத்தைக் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடித்து உடனே கொண்டுபோய்க் கொடுங்கள், அந்த வெக்கையில் வெளியே கிடந்தால் கிருமி பெருகி முடிவே பிழைத்துவிடும்.

ரிப்போட் வரும்வரை டொக்டர் ஏதாவது தொடங்குவார். சாதாரணச் சலப்பைத் தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டொயின் ஐந்து நாள் கொடுப்பது வழக்கம், சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், சலம் மண்ணிறமானால் பயப்பட வேண்டாம். சிறுநீரகப் பிரச்சினையோ, மருந்து ஒவ்வாமையோ, கர்ப்பமோ இருந்தால் அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எரிவு நின்றது என்று நடுவில் நிறுத்தவும் வேண்டாம்.

குளிர் நடுங்கிக் காய்ச்சல், விலாப் பக்கம் நோ, சத்தி என்றால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப்போனால், காய்ச்சலோடு திடீரென்று தடுமாறிக் கதைத்தாலும் கவனம். அப்போது லாப், கிளினிக் என்று அலையாமல் யாழ் போதனா வைத்தியசாலைக்கோ பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ போய்விடுங்கள், 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். இன்னொன்று, காய்ச்சல் என்றால் அங்கே டெங்குவையும் நினைக்க வேண்டும், குறிப்பாக மார்கழி, தை மழைக்காலத்தில் போகிறவர்கள். பனடோல் (பரசிற்றமோல்) மட்டும் போடுங்கள், வெளிநாட்டிலிருந்து கொண்டுபோன இபுப்ரோஃபெனைத் தொடாதீர்கள், இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள்.

கல்ச்சர் ரிப்போட்டையும் பில்லையும் போனில் படமெடுத்து வையுங்கள். பயணக் காப்புறுதிக்கு உதவும் என்பது ஒருபக்கம். திரும்பிப் போய் சில மாதத்துக்குள் மறுபடி கடுத்தால், இலங்கைக்குப் போய் வந்தேன் என்று உங்கள் குடும்ப டொக்டரிடம் சொல்லி அந்த ரிப்போட்டைக் காட்டுங்கள், ஏனென்றால் அங்கே தொற்றிய, மருந்துக்கு மசியாத கிருமி குடலில் மாதக்கணக்கில் தங்கியிருக்கலாம், அவர் வழக்கமாக எழுதுகிற குளிசை அதற்கு வேலை செய்யாமல் போகலாம்.