பினிஷ் பண்ணிய பேஸ்மென்டில் சீலிங் ஸ்பீக்கர் பூட்டுவது

கனடாவின் டொரன்டோ நகரில் ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் வீட்டுப் பேஸ்மென்டின் (நிலக்கீழ்த் தளத்தின்) சீலிங் ஏழடிக்கு ஓரங்குலம்தான் கூட. எங்களுக்கு முன் இருந்தவர்கள் ட்ரைவோல் என்னும் ஜிப்சம் பலகை அடித்து, பெயின்ட் பூசி, வடிவாக முடித்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா கீழே இறங்கி வந்து, சாய்மனைக் கதிரையில் இருந்து தேவாரமும் நாதஸ்வரமும் கேட்பார். டிவியிலிருந்து வரும் ஒலியில் சொல் விளங்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காது இரையும். மூலையில் பெரிய ஸ்பீக்கர் வைத்தால் பிள்ளைகள் ஓடி விளையாடும்போது தட்டி விழுத்திவிடுவார்கள். அதனால்தான் சீலிங்குக்குள் பூட்ட முடிவெடுத்தேன். அதன் பிறகு மைத்துனர் வீட்டிலும் ஒரு நண்பர் வீட்டிலும் இதே வேலையைச் செய்து கொடுத்தேன்.

சீலிங்கில் ஓட்டை வெட்டப் பத்து நிமிடம் போதும். அந்த ஓட்டைக்கு மேலே என்ன இருக்கிறது, அதற்கும் மேலே யார் படுத்திருக்கிறார் என்று அறிவதுதான் வேலை. அரைவாசி நேரத்தை அதற்கு ஒதுக்குங்கள்.

வாளைக் கையில் எடுக்கும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பேஸ்மென்டைத் தனி வீடாக வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? அப்படியானால் அந்தச் சீலிங் வெறும் அலங்காரம் அல்ல. கீழே தீ பிடித்தால் மேலே இருப்பவர்கள் வெளியேற நேரம் தரும் தடுப்பு அது. அதில் நாலு வட்டம் வெட்டினால் தடுப்பில் நாலு துவாரம். இதற்கென்று தீ தாங்கும் மூடிகள் இருக்கின்றன. ஆனால் நகரசபையின் கட்டடப் பிரிவில் கேட்காமல் கை வைக்க வேண்டாம். வாடகைக்கு இருப்பவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். இரண்டாவது, வீட்டின் வயது. கனடாவில் 1990க்கு முன் கட்டிய வீடுகளில் ட்ரைவோல் பூச்சிலும், பொரி ஒட்டினதுபோல் இருக்கும் சீலிங்கிலும் நுரையீரலுக்குக் கேடான அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். எங்கள் வீடும் அந்தக் காலத்துக் கட்டடம்தான். சிறு துண்டொன்றை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, இல்லை என்று பதில் வந்த பிறகுதான் ஏணியை விரித்தேன்.

எத்தனை ஸ்பீக்கர் வேண்டும்? கதிரையில் இருக்கும்போது காது நிலத்திலிருந்து ஏறக்குறைய மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். சீலிங் ஏழடி என்றால் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் மூன்றரை அடிதான். இரண்டே இரண்டைப் பூட்டிச் சத்தமாக விட்டால், கீழே இருப்பவர் தலையில் இடி, எட்டடி தள்ளி இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. தாழ்வான சீலிங்குக்கு நாலு ஸ்பீக்கர், குறைந்த சத்தம். பாட்டுக் கேட்க அதுதான் சரி. சுவரிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி வையுங்கள். படம் பார்க்க டொல்பி அட்மோஸ், அதாவது தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை, வேண்டும் என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கக்கூடாது. இரண்டு மேல் ஸ்பீக்கர் என்றால், இருக்கும் இடத்துக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ வர வேண்டும். முன், இடது, வலது ஸ்பீக்கர்கள் காது உயரத்திலேயே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் சீலிங்கில் போட்டால் திரையில் பேசுபவரின் குரல் கூரையிலிருந்து வரும்.

அளவில் ஆறரை அங்குல ஸ்பீக்கர் போதும். அதற்கு எட்டு, எட்டேகால் அங்குல வட்டம் வெட்ட வேண்டியிருக்கும். சரியான அளவு பெட்டிக்குள் வரும் அட்டை வட்டத்தில் இருக்கும். மேல் தளத்தைத் தாங்கும் மரங்களை இங்கே ஜொயிஸ்ட் என்பார்கள். பெரும்பாலான வீடுகளில் அவை நடுவுக்கு நடு 16 அங்குல இடைவெளியில் ஓடும். மரத்தின் தடிப்புப் போக நடுவில் பதினாலரை அங்குலம் கிடைக்கும். எட்டங்குல ஸ்பீக்கரும் அதற்குள் போகும்தான், ஆனால் பைப் ஒன்று குறுக்கே வந்தால் நகர்த்த இடமிருக்காது.

இனி மேலே என்ன இருக்கிறது என்ற கேள்வி. முதலில், வீட்டைச் சூடாக்கும் பேர்னஸ் இருக்கும் அறைக்குப் போங்கள். அநேகமான வீடுகளில் அங்கே மட்டும் சீலிங் மூடியிருக்காது. ஜொயிஸ்ட் எந்தப் பக்கமாக ஓடுகிறது, காற்றுக் குழாய் எங்கே திரும்புகிறது, கறுப்புக் கழிவுப் பைப் எங்கே இறங்குகிறது, காஸ் பைப் எந்த வழியாக வருகிறது என்று டோர்ச் அடித்துப் பார்த்து, ஒரு தாளில் கீறிக்கொள்ளுங்கள். போனில் படம் எடுத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். கீறும்போதுதான் மனதில் பதியும். பிறகு சின்னக் காந்தம் ஒன்றைச் சீலிங்கில் தேய்த்துக்கொண்டே போனால் ட்ரைவோல் ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் ஒட்டும். வரிசையாக ஒட்டும் கோடுதான் ஜொயிஸ்ட்.

அடுத்ததை மட்டும் தயவுசெய்து தவறவிடாதீர்கள். ஸ்பீக்கர் வரப்போகும் வட்டத்தின் நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை போடுங்கள். சட்டை கொழுவும் கம்பி ஒன்றை நிமிர்த்தி, நுனியில் நாலரை அங்குலத்தை எல் வடிவில் மடித்து உள்ளே விடுங்கள். கம்பியை ஆறுதலாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்கும் முட்டாமல் சுற்றினால் அந்த வட்டத்துக்குள் மரமில்லை, பைப்பில்லை. பிறகு கம்பியை இன்னும் மூன்று அங்குலம் மேலே தள்ளி மறுபடி சுற்றுங்கள். ஸ்பீக்கரின் ஆழத்துக்கு இடமிருக்கிறதா என்று அப்போது தெரியும். எங்கள் வீட்டில் மூன்றாவது துளையில் கம்பி பாதிச் சுற்றில் டொக் என்று நின்றது. மரத்தில் முட்டினால் கனமான சத்தம் வரும், இது வெறுமையான சத்தம். மேல்மாடிக் குளியலறையின் கழிவுப் பைப். நாலு ஸ்பீக்கரையும் ஐந்து அங்குலம் கிழக்கே தள்ளினேன். ஒன்றை மட்டும் தள்ளினால் கோணலாகத் தெரியும், ஒவ்வொரு நாளும் கண்ணை உறுத்தும். அந்தச் சிறு துளையை அடைக்க ஒரு சொட்டுப் பூச்சு போதும். எட்டங்குல ஓட்டையை அடைக்க ஒரு நாள் வேண்டும்.

வயருக்கு வருவோம். மேசைக்குப் பின்னால் போடும் சாதாரண ஸ்பீக்கர் வயர் சீலிங்குக்குள் போகக்கூடாது. கனடாவில் உறையில் எஃப்டி-4 என்று அச்சடித்திருப்பதை வாங்குங்கள். தீ அந்த உறை வழியே ஏறிப் பரவாமல் இருக்கத்தான் அந்தத் தரம். ஐம்பது அடிக்குள் என்றால் 16 கேஜ் தாராளம், அதற்கு மேல் இன்னும் தடித்த 14 கேஜ்.

பினிஷ் பண்ணிய சீலிங்கில் ஜொயிஸ்ட் ஓடும் திசையிலேயே வயரைக் கொண்டுபோவது லேசு. ஓட்டை வழியே நீளமான பைபர் கம்பியைத் தள்ளினால் பேர்னஸ் அறையில் போய் நிற்கும், அதில் வயரைக் கட்டி இழுத்தால் முடிந்தது. ஜொயிஸ்ட்டைக் குறுக்கே கடப்பதுதான் பாடு. அதனால் என் முறை, ஒவ்வொரு வயரையும் அதனதன் இடைவெளி வழியே நேராகப் பேர்னஸ் அறைக்குக் கொண்டுபோய், அங்கே திறந்த இடத்தில் ஒன்றுசேர்ப்பது. வயர் கொஞ்சம் கூடச் செலவாகும், சீலிங் தப்பும். கடந்தே ஆக வேண்டும் என்றால், ஸ்பீக்கர் ஓட்டைக்குள்ளால் நீளமான வளையும் துளைக்கருவியை விட்டு மரத்தின் நடு உயரத்தில் துளையுங்கள். துளை மரத்தின் உயரத்தில் காற்பங்குக்கு மேல் போகக்கூடாது, மேல் விளிம்பிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் இரண்டு அங்குலம் விட வேண்டும். மரத்தின் விளிம்பில் வெட்டுப் போடவே கூடாது. அந்த மரம்தான் உங்கள் வீட்டாரைத் தாங்கி நிற்கிறது. மின்சார வயரோடு சேர்த்து ஓடவிடாமல் ஓர் அடி தள்ளிக் கொண்டுபோங்கள், கடக்க வேண்டிய இடத்தில் நேர் குறுக்காகக் கடவுங்கள். வெளிச்சுவருக்குள் இறக்க வேண்டாம், அங்கே ஈரத்தைத் தடுக்கும் பிளாஸ்டிக் இருக்கும். ஸ்பீக்கர்களுக்கு ஒலியைக் கொடுக்கும் பெட்டியான ரிசீவருக்குப் புது பிளக் பொயின்ட் வேண்டுமென்றால் அது 120 வோல்ட் வேலை, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீசியனிடம் விடுங்கள்.

வெட்டும் நாளில் முதல் வேலையாகத் தேர்மோஸ்டாட்டில் பேர்னஸை நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருந்தால் ட்ரைவோல் தூசியை இழுத்து எல்லா அறைகளுக்கும் அனுப்பிவிடும். கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். அட்டை வட்டத்தை வைத்துப் பென்சிலால் கீறி, ட்ரைவோல் கைவாளால் அறுங்கள். வாளின் அலகில் முக்கால் அங்குலம் மட்டும் வெளியே தெரிய மீதியில் டேப் சுற்றிவிடுங்கள். ட்ரைவோல் அரை அங்குலம்தான், அதற்கு மேல் வாள் போனால் எதில் படும் என்று தெரியாது. கோட்டுக்கு உட்பக்கமாக அறுங்கள், பெருப்பிக்கலாம், சுருக்க முடியாது. வெட்டி எடுத்த வட்டங்களை எறியாமல் வையுங்கள். நான் பின்னால் எண் எழுதிப் பேர்னஸ் அறையில் அடுக்கி வைத்திருக்கிறேன், என்றாவது மூட வேண்டி வந்தால் உதவும்.

எங்கள் நாலில் ஒன்று அம்மாவின் கட்டிலுக்கு நேர் கீழே வந்தது. இவ்வகை ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்பக்கம் மூடி கிடையாது, கீழே எவ்வளவு சத்தமோ ஏறக்குறைய அவ்வளவும் பின்பக்கத்தால் ஜொயிஸ்ட் இடைவெளிக்குள்ளும் போகும். பகலில் அவர் கேட்பது சரி, இரவு பதினொரு மணிக்குப் பிள்ளைகள் படம் பார்க்கும்போது அவர் நித்திரை கொள்ள வேண்டாமா? ஓட்டையின் இரண்டு பக்கத்து இடைவெளியிலும் கற்பஞ்சை, அதாவது ஸ்டோன் வூலை, கை எட்டும் தூரம் வரை திணித்தேன். இதை அஸ்பெஸ்டஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது கல்லை உருக்கி நூலாக்கியது. கட்டிலுக்குக் கீழே வந்த ஸ்பீக்கருக்கு மட்டும் பின்பக்கம் மூடிய மாதிரியை வாங்கினேன். முற்றாக நிற்கவில்லை. பேச்சும் பாட்டும் நன்றாக அடங்கிவிட்டன, தவில் அடி மட்டும் லேசாக மேலே போகும்.

இணைக்கும்போது வயரின் உறையை அரை அங்குலம் உரித்து, செப்பு நூல்களை முறுக்கி, சிவப்பில் பிளஸ், கறுப்பில் மைனஸ் கொடுங்கள். ஒரு நூல் வெளியே நீட்டி மற்றதில் பட்டாலும் ரிசீவருக்குக் கேடு. மேலே தள்ளும் முன் ஒரு சோதனை. ரிசீவரில் இன்னும் கொழுவாத முனையில் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். ‘டப்’ என்று கேட்டால் வயர் சரி. அந்தக் கணத்தில் ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட வயர்தான் பிளஸ். உள்ளே இழுத்தால் மாறியிருக்கிறது. ஒன்று மாறிப்போனால் இரண்டும் ஒன்றையொன்று அறுத்து, அடித்தொனி காணாமல் போகும். ஒரே சானலில் எட்டு ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் சமாந்தரமாக, அதாவது பிளஸோடு பிளஸும் மைனஸோடு மைனஸுமாக, இணைத்தால் நாலு ஓம் ஆகும், ரிசீவர் அதைத் தாங்குமா என்று அதன் பின்பக்கத்தில் பாருங்கள்.

பூட்டுவதற்கு ஸ்க்ரூவைத் திருகினால் உள்ளே சிறு காதுகள் விரிந்து ட்ரைவோலைப் பிடிக்கும். இதற்குக் கைத் திருப்புளிதான். முதலாவதுக்கு நான் மெஷினைப் பிடித்தேன். கடைசிச் சுற்றில் நறுக் என்று ட்ரைவோல் நொறுங்கி, ஒரு காது பிடியில்லாமல் தொங்கியது. நொறுங்கிய இடத்துக்கு மேலே ஒட்டுப்பலகைத் துண்டொன்றை ஒட்டி, காது அதைப் பிடிக்க வைத்துச் சரிசெய்தேன். அதற்கு ஒரு பின்னேரம் போனது. காது பிடித்த பிறகு அரைச் சுற்று, அவ்வளவுதான். கிரில் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். சீலிங் நிறத்தில் பூச விரும்பினால் ஸ்ப்ரே பெயின்ட் மெல்லியதாக இரண்டு தரம், துளைகள் அடைபடக்கூடாது.

ரிசீவரில் இந்த ஸ்பீக்கர்களை ‘சின்னது’ என்று வைத்து, கிராஸ்ஓவரை, அதாவது அடித்தொனியைப் பிரிக்கும் எல்லையை, 80 ஹேர்ட்ஸில் விடுங்கள். அதற்குக் கீழே உள்ளதை, அடித்தொனிக்கென்றே இருக்கும் ஸ்பீக்கரான சப்வூபர் பார்த்துக்கொள்ளும். அம்மாவின் கதிரைக்கு மேலே இருக்கும் ஸ்பீக்கரை மட்டும் மற்றவற்றைவிட இரண்டு டெசிபெல் கூட்டிவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை அம்மா இறங்கி வந்து, கதிரையில் சாய்ந்து, தேவாரம் தொடங்கி இரண்டாவது வரியில் கையை உயர்த்தினார்.

“தம்பி, கொஞ்சம் குறைச்சு விடு. எல்லாம் விளங்குது.”