பில்லு அப்புறம் வரட்டும், மொதல்ல காசு குடுங்க: கிராம சுகாதார ஆராய்ச்சிக்கு உதவி பண்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரத்துல நாங்க நாலு பேரு சேந்து சின்னதா ஒரு டிரஸ்ட் வெச்சிருக்கோம். கிராமத்து சுகாதாரத்துல புதுசா ஆராய்ச்சி பண்ண வர்ற பசங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு பேருக்குன்னு கொஞ்சம் பணமும் ஒரு கைடும் ஏற்பாடு பண்ணிக் குடுப்போம். பழவேற்காடு, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைன்னு பெரும்பாலும் திருவள்ளூர் மாவட்டம்தான். இதுல நாங்க பண்ணாத தப்பே இல்ல, அதனால எழுதறேன்.

பெரிய தப்பு, "செலவு பண்ணிட்டு பில்லு குடு, காசு திருப்பித் தர்றோம்"னு சொல்றது. கேக்க ஒழுங்கா தெரியும். ஆனா வியாசர்பாடிலேர்ந்து வர்ற பொண்ணு, வீட்லயே மொத டாக்டர், அது கைக்காசு போட எங்க போகும்? ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், 1979லேர்ந்து மருத்துவ மாணவர்களுக்கு எஸ்டிஎஸ்னு (ஷார்ட் டேர்ம் ஸ்டூடன்ட்ஷிப்) ரெண்டு மாச ஸ்கீம் ஒண்ணு நடத்துது, ரொம்ப நல்ல ஸ்கீம், எத்தனையோ பேருக்கு ஆராய்ச்சின்னா என்னன்னு காட்டினதே அதுதான், ஆனா அதுலயும் ரிப்போர்ட்ட ஒத்துக்கிட்ட அப்புறம்தான் ஸ்டைபெண்ட் வரும். அதுவரைக்கும் பஸ்சு, ஜெராக்ஸ், சாப்பாடு எல்லாம் அப்பா பாக்கெட்ல இருந்து. அப்புறம் வசதியான வீட்டுப் பசங்கதான் ஆராய்ச்சிக்கு வர்றாங்கன்னு நாமளே பொலம்பறோம். கும்மிடிப்பூண்டி வரைக்கும் ட்ரெயினுக்கு டிக்கெட் இருக்கு சரி, அங்கேர்ந்து காலனிக்குப் போற ஷேர் ஆட்டோக்காரர் எந்த ஊர்ல பில்லு குடுக்கறாரு? இப்ப நாங்க பாதிப் பணத்த அட்வான்ஸா குடுத்துடறோம், ஒரு நாளைக்கு போக வர இவ்ளோன்னு முடிவு பண்ணி, அவங்களே கையெழுத்து போட்ட வவுச்சர் போதும்னு விட்டுட்டோம். எங்க ஆடிட்டர் மூஞ்சிய தூக்கி வெச்சிக்கிட்டாரு, அப்புறம் பழகிட்டாரு.

அடுத்தது காலம். ஒரு தடவ பணம் பிப்ரவரில கைக்கு வந்துது, மார்ச் 31க்குள்ள செலவு பண்ணி, பணத்த சரியா செலவழிச்சோம்னு காட்டற யூடிலைசேஷன் சர்டிபிகேட் குடுன்னு நிதி குடுத்தவங்க சொல்லிட்டாங்க. பொங்கல் முடிஞ்சா இந்தப் பக்கத்து பழங்குடிகளான இருளர் குடும்பங்க நெறைய செங்கல் சூளைக்குப் போயிடுவாங்க, பையன் போய்ப் பாத்தா பாதி வீடு பூட்டிக் கெடக்கு. இருக்கறவங்களும் காலைல நூறு நாள் வேலைக்குப் போயிடுவாங்க, சாயங்காலம்தான் ஆள் சிக்கும், அப்ப இவனுக்குத் திரும்ப வண்டி இல்ல. ஊரோட காலண்டரப் பாத்துட்டு ப்ரொபோசல் எழுதச் சொல்லுங்க, பணத்தையும் அதுக்குத் தகுந்த மாதிரி விடுங்க.

பேருக்கு கைடா இருக்கறத பத்திதான் நெறைய சொல்லணும். ஃபார்ம்ல கையெழுத்து, மாசத்துக்கு ஒரு ஃபோன், அவ்ளோதான் பல பேரு. எங்க பொண்ணு ஒண்ணு சம்மதப் படிவம் வாங்கப் போச்சு, கேட்ட அத்தனை பேரும் சரின்னுட்டாங்க, நாங்க இங்க உக்காந்து சந்தோஷப்பட்டோம். நேர்ல போய்ப் பாத்தாதான் தெரியுது, பக்கத்துல கிராம சுகாதார நர்ஸ் நிக்கறாங்க. மாத்திரையும் தடுப்பூசியும் குடுக்கற அம்மா எதிர்ல எவங்க முடியாதுன்னு சொல்லுவாங்க? படிக்கத் தெரியாதவங்ககிட்ட கைநாட்டு வாங்கறப்ப ஆராய்ச்சிக்கு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி இருக்கணும்னு ஐசிஎம்ஆரோட 2017 வழிகாட்டுதல்லயே இருக்கு, ஆனா யார அந்த எடத்துல நிக்க வெக்கறதுன்னு ஊருக்குப் போன கைடுதான் சொல்லிக் குடுக்க முடியும். 1956ல நம்ம மெட்ராஸ்ல ஆரம்பிச்ச டிபி மையம், இப்ப சேத்துப்பட்டுல இருக்கே அதேதான், சானடோரியம்ன்ற டிபி ஆஸ்பத்திரில படுக்க வெச்சாலும் வீட்லயே மாத்திரை குடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே பலன்னு 1959ல ஒலகத்துக்கே காட்டுச்சு. நோயாளிங்க மாத்திரைய ஒழுங்கா சாப்பிடறாங்களான்னு சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போய் மிச்சத்த எண்ணிப் பாத்து கண்டுபிடிச்ச விஷயம் அது, ஆபீஸ்ல உக்காந்து இல்ல.

பேப்பர் வேலை போரடிக்கும், சுருக்கமா சொல்லிடறேன். கிளினிக்கல் ட்ரையல்னா, அதாவது மருந்தையோ சிகிச்சையையோ மனுஷங்ககிட்ட சோதிக்கறதுன்னா, மொத ஆளச் சேக்கறதுக்கு முன்னாடியே சிடிஆர்ஐன்ற இந்திய ட்ரையல் பதிவேட்டுல பதிஞ்சிடணும், 2018 ஏப்ரல் 1லேர்ந்து பின்னாடி பதியறதெல்லாம் செல்லாது. ஆராய்ச்சி முறையானதுதானான்னு பாத்து அனுமதி குடுக்கற எத்திக்ஸ் கமிட்டிக்கு மாசக்கணக்குல ஆகும், அந்த மாசங்களையும் திட்டத்துல சேருங்க. வெளிநாட்டுப் பணமா இருந்தா, 2020 திருத்தத்துக்கு அப்புறம் எஃப்சிஆர்ஏன்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி வாங்கின ஒரு அமைப்பு அத இன்னொரு அமைப்புக்கு மாத்திக் குடுக்க முடியாது, தெரியாம வாக்கு குடுத்துட்டு முழிக்காதீங்க. கட்டுரைல யார் பேரு மொதல்லன்றத வேலை தொடங்கறதுக்கு முன்னாடியே எழுதி வெச்சிக்கோங்க, பெரியவங்க பேரு முன்னாடி வர்றது வழக்கம்னு சொல்ற கைடு நமக்கு வேணாம்.

கடைசியா ஒண்ணு. பழவேற்காடு பக்கம் ஒரு பாட்டி கேட்டுது, "போன வருசம் ரத்தம் எடுத்துட்டுப் போனீங்களே கண்ணு, என்னா ஆச்சு?" பையன் பேந்தப் பேந்த முழிச்சான். ரிசல்ட்ட ஊர்ல போய் சொல்றதுக்குன்னு பட்ஜெட்ல நாங்க ஒரு ரூபா கூட போடல. இப்பல்லாம் அந்தக் கடைசி ட்ரிப்புக்கும் காசு எடுத்து வெச்சிடறோம், கைடும் கூடப் போகணும், டீ செலவு, மைக் செட் வாடகை உட்பட.