வலசைப் பறவை பார்க்கப் போகுமுன் அமாவாசை எப்போது என்று பாருங்கள்

பினாங்கில் வலசை வரும் கரைப்பறவைகளைப் பார்க்க எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை நீளும் சேற்றுக்கரையைத்தான் சொல்வேன். பட்டர்வொர்த்துக்கு வடக்கே கொஞ்ச தூரம்தான். செப்டம்பரில் வந்து இறங்கும் பறவைகள் ஏப்ரல் வரை இருக்கும்.

நேரம் தவறினால் ஒன்றும் கிடைக்காது. கடல் தண்ணீர் வற்றியிருக்கும்போது பறவைகள் வெகுதூரத்தில் சேற்றின் விளிம்பில் மேய்ந்துகொண்டிருக்கும், பைனாகுலர் வைத்துப் பார்த்தாலும் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். தண்ணீர் ஏற ஏற அதுவே அவற்றைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும், அதனால் உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னாடியே போய் உட்கார்ந்துவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், மறுநாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். சரியான நேரம் போனிலேயே கிடைக்கும். வீட்டு நாள்காட்டியையும் ஒருமுறை பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஏற்றம் பெரிது, சேறு முழுக்க மூழ்கிவிடும், பறவைகளும் வேறு இடம் தேடிப் போய்விடும். அன்றைக்குத் தாமதமாகப் போகவே கூடாது.

போனதும் பெயர் தேடாதீர்கள், அலகைப் பாருங்கள். உப்புக்கொத்திக்குக் குட்டை அலகு; நாலடி ஓடும், நிற்கும், மேலே தெரியும் இரையை டக்கென்று கொத்தும். செங்கால் பளிச்சென்று தெரியும் பவளக்காலி இன்னும் கொஞ்சம் ஆழம் போகும். மூக்கனோ நீள அலகை முகம் சேற்றில் படும்வரை இறக்கி, உள்ளே இருக்கும் புழுவை நுனியாலேயே தொட்டு உணர்ந்து இழுக்கும். ஒரே சேற்றில் இத்தனை பேருக்கும் சாப்பாடு! நாம் சாப்பிடும் கெராங் சிப்பி வளர்வதும் இதே மாதிரி சேற்றில்தான்.

இந்தச் சாப்பாடுதான் அவற்றின் பயணச்செலவு. 2022ல் இளம் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு எங்கேயும் இறங்காமல் 11 நாளில் சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்தது. எல்லாப் பறவையாலும் அப்படி முடியாது, பெரும்பாலானவை நடுவில் இறங்கித் தின்று கொழுத்தால்தான் அடுத்த கட்டம். இறங்கும் இடம் போனால் என்ன ஆகும் என்பதைத் தென்கொரியாவில் பார்த்தாயிற்று: சேமாங்கும் கழிமுகத்தை 33 கிலோமீட்டர் சுவர் கட்டி 2006ல் அடைத்தார்கள், அங்கே இறங்கிவந்த கிரேட் நாட் உள்ளான்கள் பல்லாயிரக்கணக்கில் குறைந்தன, வேறு கரைக்கு மாறிப் பிழைத்ததாகவும் தெரியவில்லை. அதனால்தான் "வெறும் சேறுதானே, தூர்த்துவிட்டால் என்ன" என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு பதறுகிறது.

அப்புறம், கிட்டப் போகாதீர்கள். தலைகள் நிமிர்ந்து, மேய்ச்சல் நின்றுவிட்டால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், அப்படியே பின்வாங்குங்கள். கூட்டம் ஒருமுறை கிளம்பினால் காலையிலிருந்து சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் வீண். போட்டோவுக்காகக் கல்லெறிந்து பறக்கவிடுவதை நானே பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். கூட வருபவர்களையும் தடுங்கள்.

காலில் சின்னப் பிளாஸ்டிக் கொடி இருக்கிறதா என்றும் கவனியுங்கள். ஆய்வாளர்கள் பிடித்து மாட்டிவிடும் அடையாளம் அது, எங்கே மாட்டியது என்பதை நிறம் சொல்லும்: மஞ்சள் என்றால் பெரும்பாலும் வடமேற்கு ஆஸ்திரேலியா, ஆரஞ்சு என்றால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். நிறம், எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, எழுத்து இருந்தால் அது, தேதி, இடம் எல்லாவற்றையும் அங்கேயே எழுதிவிடுங்கள், வீட்டுக்கு வந்தால் இடது வலது குழம்பிவிடும்.