கவுண்ட்டவுன் ஓடும்போது செய்யக்கூடாதவை: டீசல் காரின் புகை சென்சார் கோளாறுகள்

‘800 கி.மீ.க்குப் பிறகு இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது’ என்பதுபோல ஒரு வரி டாஷ்போர்டில் வந்துவிட்டால், எந்த சென்சார் போயிற்று என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அந்த வரி சென்சாரைப் பற்றியதே அல்ல. வெளியேறும் புகை சுத்தமாக இருக்கிறது என்று இன்ஜின் கம்ப்யூட்டரால் இனி உறுதி சொல்ல முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். ஏன் முடியவில்லை என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் தேடத்தான் மீதமுள்ள கிலோமீட்டர்கள்.

ஐரோப்பாவில் 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த யூரோ 6 விதிகள், டீசல் கார் கிலோமீட்டருக்கு வெளியிடலாம் என்ற நைட்ரஜன் ஆக்சைடு அளவை 180 மில்லிகிராமிலிருந்து 80 ஆகக் குறைத்தன. அதை எட்டப் பல கார்களில், புகையில் உள்ள இந்த வாயுவைக் குறைக்கும் எஸ்சிஆர் என்ற அமைப்பு வந்தது. இன்ஜினை விட்டு வரும் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு (சுருக்கமாக நாக்ஸ்) எவ்வளவு என்று முதல் நாக்ஸ் சென்சார் அளக்கிறது. அடுத்து ஒரு இன்ஜெக்டர் ஆட்ப்ளூ என்ற யூரியாக் கரைசலைச் சூடான புகைக்குள் தெளிக்கிறது. அது அம்மோனியாவாக மாறி, கேட்டலிஸ்ட் என்ற வினையூக்கிப் பெட்டிக்குள் நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. கடைசியில் இரண்டாவது நாக்ஸ் சென்சார் மீண்டும் அளக்கிறது. கரைசல் இல்லாமலோ இந்த அமைப்பு வேலை செய்யாமலோ வண்டி ஓடிக்கொண்டே இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் ஸ்டார்ட் தடையை விதி கேட்கிறது. கரைசல் குறைந்தால் மட்டும் சுமார் 2400 கி.மீ.க்கு முன்பே எச்சரிக்கை வந்துவிடும். மற்றக் கோளாறுகளுக்கு அவ்வளவு தவணை கிடைக்காது.

கோடு சொல்லும் பாகத்தை வாங்கிவிடுவது

இந்த விஷயத்தில் அதிகப் பணம் வீணாவது இங்கேதான். பி20ஈஈ என்ற கோடு (ஸ்கேனர் கருவி படித்துக் காட்டும் கோளாறுக் குறியீடு) வந்தால் நாக்ஸ் சென்சாரை மாற்று என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். அந்தக் கோட்டின் பொருள், எஸ்சிஆர் கேட்டலிஸ்ட்டின் செயல்திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டது என்பது மட்டுமே. கோடு என்பது புகார் கொடுத்தவரின் பெயர், குற்றவாளியின் பெயர் அல்ல. இரண்டு சென்சார்களின் கணக்கு பொருந்தவில்லை. பொருந்தாமல் போகப் பல வழிகள் உண்டு: கரைசல் நீர்த்திருக்கலாம், இன்ஜெக்டர் முனையில் வெள்ளைப் படிகம் அடைத்திருக்கலாம், பம்பின் அழுத்தம் குறைந்திருக்கலாம், புகைக்குழாய் இணைப்பில் கசிவு இருக்கலாம். புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வு மூடியபடி சிக்கி, கேட்டலிஸ்ட் சமாளிக்க முடியாத அளவு நைட்ரஜன் ஆக்சைடை இன்ஜினே அனுப்பிக்கொண்டிருக்கலாம். கேட்டலிஸ்ட்டே தேய்ந்திருக்கலாம். கடைசியாக, சென்சாரும் கெட்டிருக்கலாம்.

எனவே கூடவே வந்திருக்கும் கோடுகளைப் பாருங்கள். பி20ஈ8 இருந்தால் கரைசல் அழுத்தம் குறைவு, பம்ப் பக்கம் போக வேண்டும். பி207எஃப் என்றால் கரைசலின் தரத்தில் சந்தேகம். யு029டி, யு029ஈ போன்றவை முதல் அல்லது இரண்டாவது நாக்ஸ் சென்சாரோடு தொடர்பு அறுந்ததைச் சொல்பவை. தொடர்பு அறுந்தது என்றால் சென்சாருக்கு முன்னால் பார்க்க வேண்டியவை ஃபியூஸ், கனெக்டர், ஒயரிங், பேட்டரி. இந்த சென்சாரின் முனை வேலை செய்ய உள்ளே இருக்கும் ஹீட்டர் அதை ஏறக்குறைய 800 டிகிரி வரை சூடாக்க வேண்டும். பேட்டரி தளர்ந்திருந்தால் அங்கேயே தடுமாறும். ஈஜிஆர் கோடு ஒன்றும் கூடவே இருந்தால், அதை முடிக்காமல் எஸ்சிஆர் பக்கம் கை வைக்காதீர்கள்.

சென்சார் உண்மை பேசுகிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஸ்கேனரில் நேரடி அளவுகளைத் திறந்து வைத்து ஒருவர் பார்க்க, இன்னொருவர் ஓட்ட வேண்டும். நன்றாகச் சூடான வண்டி இறக்கத்தில் கியரிலேயே ஓடும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டால் இன்ஜினுக்கு டீசல் போவது நிற்கும். அந்தச் சில நொடிகளில் முதல் சென்சாரின் நாக்ஸ் அளவு பூஜ்யத்தை நெருங்க வேண்டும், ஆக்ஸிஜன் அளவு வெளிக்காற்றின் 21 சதவீதத்துக்கு அருகே ஏற வேண்டும். நடக்கவில்லை என்றால் சென்சார் மீதோ அதைச் சுற்றியுள்ள கசிவு மீதோ சந்தேகம் வலுக்கிறது.

இதையே குளிர்ந்த வண்டியில் செய்துவிட்டு சென்சார் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதும் நடக்கிறது. ஸ்டார்ட் செய்தவுடன் புகைக்குழாயில் ஈரம் இருக்கும். சூடான பீங்கான் முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும் என்பதால், குழாய் காயும்வரை கம்ப்யூட்டர் ஹீட்டரை முழுதாக இயக்காது. அதுவரை அளவு எதுவும் வராது.

இரண்டாவது சென்சாரின் இன்னொரு குணமும் பலருக்குத் தெரிவதில்லை. அம்மோனியாவையும் அது நைட்ரஜன் ஆக்சைடாகவே எண்ணும். இன்ஜெக்டர் ஒழுகி அளவுக்கு மேல் கரைசல் விழுந்தால், கேட்டலிஸ்ட்டைத் தாண்டி அம்மோனியா வெளியேறும். ஸ்கேனரில் தெரிவதோ நாக்ஸ் அதிகம் என்பது. புதுச் சென்சாரும் அதே அளவைத்தான் காட்டும். காரணம், பழையதில் குறை எதுவும் இருந்திருக்காது.

முதல் வேலையாகக் கோடுகளை அழிப்பது

அழித்தால் கோடு மட்டும் போவதில்லை. கோளாறு நடந்த நொடியில் வேகம், சூடு, லோடு என்ன என்று கம்ப்யூட்டர் பதிந்து வைத்த விவரமும் சேர்ந்து போகிறது. ஓடி முடித்த மானிட்டர்களும் (கம்ப்யூட்டர் தானே நடத்தும் சோதனைகள்) முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. பல வண்டிகளில் சாதாரண ஸ்கேனரால் அழித்தாலும் கவுண்ட்டவுன் அசையாது. எதையும் தொடுமுன் எல்லாக் கோடுகளையும் அவற்றின் விவரங்களோடு படம் எடுத்து வையுங்கள். இதைச் செய்யாமல் அழிக்கும் மெக்கானிக்கிடம் வண்டியை விட எனக்கு மனம் வராது.

கரைசல் விஷயத்தில்

ஆட்ப்ளூ என்பது கனிமம் நீக்கிய தண்ணீரில் 32.5 சதவீதம் தூய யூரியா. ஐஎஸ்ஓ 22241 என்ற தரம் அனுமதிப்பது 31.8 முதல் 33.2 வரைதான். வயலுக்குப் போடும் யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது, டேங்கிலிருந்து கேட்டலிஸ்ட்வரை எல்லாவற்றையும் கெடுக்கும் காரியம். தண்ணீரில் உள்ள கால்சியமும் மற்ற உப்புகளும் கேட்டலிஸ்ட்டில் படிந்தால் திரும்ப எடுக்க வழி இல்லை. தரமான கரைசலும் வெயிலில் கெடும். 25 டிகிரிக்குள் வைத்தால் 18 மாதம் தாங்குவது, 35 டிகிரியில் 6 மாதம்தான். வருடக்கணக்கில் மூலையில் கிடந்த கேனைக் காலி செய்ய உங்கள் டேங்க் இடமல்ல. ஆட்ப்ளூவுக்கு உரிய ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் சதவீதம் தெரிந்துவிடும். சென்சார் விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கருவி ஒன்றுமே இல்லை. முதல் சோதனையே இதுவாக இருக்க வேண்டும் என்பேன்.

காலியான டேங்கில் ஒரு லிட்டர் ஊற்றிவிட்டுத் தடை போகவில்லையே என்று தவிப்பவர்களும் உண்டு. குறைந்தபட்சம் இவ்வளவு ஊற்றினால்தான் வண்டி அதைக் கணக்கில் எடுக்கும். எவ்வளவு என்பதும், ஊற்றியபின் இக்னிஷனைப் போட்டு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் வண்டியின் கையேட்டில் இருக்கும்.

தவறிப்போய் ஆட்ப்ளூ டேங்கில் டீசலோ, டீசல் டேங்கில் ஆட்ப்ளூவோ விழுந்துவிட்டால் இக்னிஷனைக்கூடப் போடாதீர்கள். போட்டவுடன் பம்ப் ஓடலாம். ஓடிவிட்டால் டேங்கைக் கழுவுவதோடு முடிய வேண்டியது லைன் முழுவதையும் மாற்றும் வேலையாகிவிடும்.

வண்டியை நிறுத்திய உடனே பேட்டரி ஒயரைக் கழற்றாதீர்கள். பல வண்டிகளில் இன்ஜின் நின்றபின் பம்ப் பின்னோக்கி ஓடி, லைனில் மீந்த கரைசலை டேங்குக்கு இழுத்துக்கொள்ளும். அதை இடையில் வெட்டினால் கரைசல் உள்ளேயே காய்ந்து படிகமாகும், குளிர்ப் பகுதியில் மைனஸ் 11 டிகிரியில் உறைந்தும் போகும். சில நிமிடம் பொறுத்தால் போதும். படிகம் ஏற்கெனவே அடைத்திருந்தால் அதைக் கம்பியால் குத்தக்கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் அது கரைந்துவிடும். பிறகு ஸ்கேனர் வழியாக இன்ஜெக்டரை ஓர் அளவுக் குவளைக்குள் தெளிக்கச் செய்து, தயாரிப்பாளர் சொன்ன அளவு விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பூஜ்யத்தை நெருங்கும்போது

ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினைத் தடை நிறுத்தாது. அணைத்தால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆக விடாது. இது தெரியாமல் எண் பூஜ்யமானபின் பெட்ரோல் பங்க்கில் அணைத்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். அங்கிருந்து வண்டியைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். சில நூறு கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்போதே பட்டறைக்குப் போனால், ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கும் தூரம் மிஞ்சும். எண் எதுவும் காட்டாமல் திடீரென ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், எஸ்சிஆரைக் குற்றம் சொல்லுமுன் பேட்டரியையும், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரின் விளக்கையும் பாருங்கள்.

சென்சாரை மாற்றியே ஆக வேண்டும் என்றால்

முனையும் கண்ட்ரோல் பெட்டியும் ஒரே ஒயரில் சேர்ந்து வருபவை, ஒயரை வெட்டி ஒட்டக்கூடாது. திருகுப் புரியில், இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கக் கம்பெனியே பூசிய பசை போதும். முனையில் கிரீஸோ சிலிகான் ஸ்பிரேயோ படக்கூடாது. பாக எண் பொருந்த வேண்டும். பழைய சென்சாருக்காகக் கம்ப்யூட்டர் கற்று வைத்திருந்த திருத்தங்களை ஸ்கேனரில் ரீசெட் செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால் புதுச் சென்சாருக்கும் பழைய கணக்கே ஓடும்.

இவ்வளவும் எதற்கு, ஒரு எமுலேட்டர் பெட்டியை மாட்டினால் தீர்ந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். புகை சுத்தமாக இருக்கிறது என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும் பெட்டி அது. பல நாடுகளில் சட்டப்படி குற்றம், புகைச் சோதனையிலும் மாட்டலாம். அதைவிட, வண்டிக்குப் பின்னால் வருபவர்களின் நுரையீரலுக்குள் அந்த வாயு போகிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. உண்மையான கோளாறும் உள்ளே அப்படியே வளர்ந்துகொண்டிருக்கும்.

சரிசெய்த பிறகும் எச்சரிக்கை உடனே அணையாமல் இருக்கலாம். புகை ஏறக்குறைய 200 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் கரைசல் ஒழுங்காக வேலை செய்யும், கேட்டலிஸ்ட்டின் திறனை அப்போதுதான் கம்ப்யூட்டர் அளந்து பார்க்கும். தெருமுனைவரை போய்வந்தால் அது நடக்காது. சீரான வேகத்தில் நீண்ட சாலையில் ஓட்டிவிட்டு வந்து, மானிட்டர் முடிந்தது என்று ஸ்கேனர் காட்டுகிறதா, இரண்டு சென்சார்களின் அளவுகளும் எவ்வளவு என்று பட்டறையிலேயே கேட்டுப் பாருங்கள். அதன்பின் வண்டியை எடுத்துக்கொள்ளலாம்.