உப்புப் பொதியில் திகதி எழுதுங்கள்

திருகோணமலை உப்புவெளிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு உப்பைக் குறைக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்? எங்கள் அம்மம்மா கேட்கவில்லை. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று முடித்துவிட்டார். எவ்வளவு போகிறது என்று அளந்தாவது பார்ப்போமே என்றேன். அதற்கு மட்டும் ஒத்துக்கொண்டார்.

வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புப் போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டியை மட்டமாக வழித்தால் வருவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். உப்பு மிஞ்சினால் உடல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறும்.

முதல் வேலை கணக்கு. 400 கிராம் பொதியை உடைக்கும் அன்றே அதன் மேல் பேனையால் திகதி எழுதுங்கள். முடிந்ததும், கிராமை நாட்களாலும், வரும் விடையைச் சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கையாலும் வகுத்துப் பாருங்கள். நாங்கள் நான்கு பேர், பொதி 14 நாளில் காலி. தலைக்கு 7 கிராமுக்குச் சற்று மேல். மீன் கழுவவும் கொஞ்சம் போயிருக்கும், உண்மைதான். ஆனால் பாணிலும் கருவாட்டிலும் ஊறுகாயிலும் உள்ள உப்பு இந்தக் கணக்கிலேயே வரவில்லை. நான்கு பேர் வீட்டில் இந்தப் பொதி 20 நாளுக்கு மேல் நிற்க வேண்டும்.

இரண்டாவது, கையால் அள்ளுவதை நிறுத்துங்கள். அம்மம்மாவின் "ஒரு நுள்ளு" எவ்வளவு என்று தேக்கரண்டியில் கொட்டிப் பார்த்தேன்: முக்கால் கரண்டி! இப்போது போடுவதில் கால் பங்கை மட்டும் குறையுங்கள், இரண்டு வாரம் கழித்து இன்னும் கொஞ்சம். நாக்கு பழகச் சில வாரங்கள் எடுக்கும். ஒரே நாளில் பாதியாக்கினால் வீட்டில் கலகம்தான்.

எதில் குறைப்பது? பிட்டு மாவிலும் இடியப்ப மாவிலும் உப்பை விட்டுவிடலாம். சொதியிலும் சம்பலிலும் இருப்பதே போதும். சம்பலுக்குத் தேசிக்காயைத் தாராளமாகப் பிழியுங்கள், புளிப்பு உப்பின் குறையை மறைத்துவிடும்.

கருவாடுதான் எங்கள் ஊரின் பெரிய கண்ணி. துண்டுகளை இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணிநேரம் ஊறவிடுங்கள். தண்ணீர் கலங்கி, மேலே மெல்லிய நுரை கட்டும். அதில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பாருங்கள், கடற்கரைக்குப் போகத் தேவையில்லை. அதை ஊற்றிவிட்டு, இன்னொரு தடவை ஊறவிடுங்கள். உப்பு முழுவதும் போகாது. ஆகவே குழம்பில் தனியாகப் போடாதீர்கள்.

கடைப் பொருட்களில் "சோடியம்" என்ற வரியைத் தேடுங்கள். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. எத்தனை பேருக்கான அளவு என்பதையும் பாருங்கள். நூடில்ஸ் பொதி ஒன்றைத் திருப்பிப் பார்த்தாலே விளங்கும்.

இந்துப்பு நல்லது என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைட்டுதான். வாங்குவது அயடீன் சேர்த்த உப்பாகவே இருக்கட்டும். பொட்டாசியம் கலந்த "குறைந்த சோடிய" உப்பைச் சிறுநீரக நோயாளர்களும், இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களும் கிளினிக்கில் வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம்.